நா ஹே-சோக்: முதலில் எழுத்து, அப்புறம் வாழ்க்கை

என்னிடம் வந்த கேள்வி இது: "கொரியாவின் நா ஹே-சோக் பற்றி எங்கே தேடினாலும் முதல் பெண் ஓவியர், விவாகரத்து, அனாதையாக மரணம் என்றுதான் வருகிறது. அவர் எழுத்தாளரும்கூட என்கிறார்கள். எழுத்தாளராக அவர் உண்மையிலேயே முக்கியமா, அல்லது அந்தச் சோக வாழ்க்கையால்தான் பேசப்படுகிறாரா?"

எழுத்தாளராக முக்கியம். மிகவும் முக்கியம். ஆனால் முதலில் எழுத்தைப் படித்துவிட்டு அப்புறம் வாழ்க்கைக்கு வர வேண்டும். பெரும்பாலானவர்கள் வாழ்க்கையில் ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுகிறார்கள், அதனால்தான் ஒரு பக்கம் கெட்டுப்போன பெண்ணாகவும் இன்னொரு பக்கம் தியாகியாகவும் அவரைக் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அவர் எழுதியதைப் படித்தால் இந்த இரண்டு படங்களிலுமே அவர் இல்லை என்பது தெரியும். 1914இல், பதினெட்டு வயதில், ஒரு கேள்வியைக் கையில் எடுத்தார். ஒரு பெண்ணை முதலில் மனுஷியாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? அதை எதிலெல்லாம் வைத்துப் பார்க்க முடியுமோ, சமையலறை, பிரசவம், கல்யாணம், கற்பு என்று எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தார். அப்படி வைத்துப் பார்த்த பதிவுதான் அவர் எழுத்து.

சுவொன் என்பது சியோலுக்குத் தெற்கே கோட்டைச் சுவர் சூழ்ந்த பழைய ஊர். அங்கே 1896 ஏப்ரலில் பிறந்தார். வசதியான குடும்பம், அப்பா அரசு நிர்வாகத்தில் பதவி வகித்தவர். 1910இல் ஜப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது இவருக்குப் பதினான்கு வயது. 1913இல் சியோலில் ஜின்ம்யோங் பெண்கள் பள்ளியில் முதல் மாணவியாகத் தேறினார். ஏற்கனவே ஜப்பானில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் வீட்டில் பேசி வழி பண்ண, டோக்கியோ பெண்கள் ஓவியப் பள்ளிக்குப் போய் மேற்கத்திய ஓவியம் படித்தார். எண்ணெய் வண்ண ஓவியத்தை முறையாகப் படித்த முதல் கொரியப் பெண் இவர்தான்.

அந்த நேரத்து டோக்கியோவை நினைத்துப் பாருங்கள். ஹிராட்சுகா ராய்ச்சோவும் அவர் தோழிகளும் 1911இல் தொடங்கிய 'செய்தோ' பத்திரிகை பெண்களைப் பற்றிப் பெண்களே எழுதும் இடமாக இருந்தது, அதைச் சுற்றிப் பெரிய கூச்சல். அங்கே படிக்க வந்த கொரிய மாணவர்கள் தங்களுக்கென்று 'ஹக்ஜிக்வாங்' என்ற பத்திரிகை நடத்தினார்கள். அதில் 1914 டிசம்பரில் நா ஹே-சோக் எழுதிய 'லட்சியப் பெண்' என்ற சின்னக் கட்டுரை வந்தது. கட்டுரை கொஞ்சம் கரடுமுரடுதான், டால்ஸ்டாயின் நாவல் நாயகி கத்யூஷா, இப்சனின் நாடக நாயகி நோரா, ராய்ச்சோ, கவிஞர் யோசானோ அகிகோ என்று பெயர்களாக அடுக்கி, இவர்களில் யாரும் முழு லட்சியம் இல்லை என்கிறார். ஆனால் நடுவில் ஒரு இடம் வருகிறது. 'நல்ல மனைவி, புத்தியுள்ள தாய்' என்பதுதான் அன்றைக்கு ஜப்பானிலும் கொரியாவிலும் பெண்கல்விக்கான தாரக மந்திரம். இவர் கேட்கிறார்: ஆண்களும் கணவர்கள்தான், தகப்பன்கள்தான். ஆனால் 'நல்ல கணவன், புத்தியுள்ள தகப்பன்' ஆவதற்கு ஒரு கல்விமுறை இருப்பதாக நான் இதுவரை கேள்விப்படவில்லையே. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் எனக்கு அந்த வரியின் கூர்மை குறையவில்லை.

அடுத்த வருஷமே அப்பா கல்யாணத்துக்கு நெருக்கினார், படிப்புக்குப் பணம் நின்றது. இவர் ஊர் திரும்பி, யோஜு என்ற ஊரில் பள்ளி ஆசிரியையாக வேலை செய்து, சம்பாதித்த காசில் மறுபடி டோக்கியோ போனார். இது ஏன் முக்கியம் என்றால், இவருடைய மிகச் சிறந்த கதை இங்கிருந்துதான் பிறந்தது.

'கியோங்-ஹி' என்ற அந்தச் சிறுகதை 1918 மார்ச்சில், டோக்கியோவில் படித்த கொரியப் பெண்களே நடத்திய 'யோஜாக்யே' இதழில் வந்தது. கொரியாவில் நவீன உரைநடைக் கதையே அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. யி குவாங்-சு எழுதி, முதல் நவீன நாவல் என்று சொல்லப்படும் 'முஜோங்' முந்தைய வருஷம்தான், 1917இல், தொடராக வந்திருந்தது.

கதை இதுதான். ஜப்பானில் படிக்கும் கியோங்-ஹி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள். சம்பந்தியம்மா வருகிறாள், அரிசிப் பலகாரம் விற்கும் பெண் வருகிறாள், வருபவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி: பெண்ணுக்கு இவ்வளவு படிப்பு எதற்கு, படித்த பெண் வீட்டு வேலை செய்வாளா, புருஷன் வீட்டில் நிலைப்பாளா? இந்த இடத்தில் ஒரு சாதாரண எழுத்தாளர் கதாநாயகியை எழுப்பி நிறுத்திப் பெண்ணுரிமை பற்றிப் பேச வைத்திருப்பார். நா ஹே-சோக் அதைச் செய்யவில்லை. கியோங்-ஹி வேலை செய்கிறாள். தைக்கிறாள், சமைக்கிறாள், கிம்ச்சி போடுகிறாள், வீட்டைத் துடைக்கிறாள். முன்பும் செய்தவள்தான், ஆனால் இப்போது செய்கிற விதம் வேறு. நிறங்களைப் பார்த்து ஒழுங்குபண்ணுகிறாள், எந்தப் பொருள் எங்கே இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்து அடுக்குகிறாள், படித்ததெல்லாம் கைக்கு வந்திருக்கிறது.

அதில் ஒரு காட்சி. வேலைக்காரப் பெண் ஷிவோல் அடுப்பில் பசை கிண்டுகிறாள், கியோங்-ஹி கீழே உட்கார்ந்து கோதுமை வைக்கோலைத் தள்ளி எரிக்கிறாள். மேலே பசை கொதித்துக் குமிழ்விடும் சத்தம், கீழே வைக்கோல் படபடவென்று வெடிக்கும் சத்தம். இரண்டும் சேர்ந்து, டோக்கியோ இசைப் பள்ளிக் கச்சேரியில் கேட்ட வாத்தியக் குழு மாதிரி அவள் காதில் விழுகிறது. எரிந்துகொண்டே போகும் சுடரின் நிறம் மாறுவதைப் பார்த்து மெய்ம்மறக்கிறாள். அப்புறம் ஷிவோலைப் பார்க்கிறாள். மும்முரமாகக் கிண்டிக்கொண்டிருக்கிற இவளுக்கு இந்தச் சந்தோஷம் தெரியாதே என்று ஒரு இரக்கம் வருகிறது, உடனே அடுத்த யோசனையும் வருகிறது: என்னைவிட நுட்பமாக ரசிக்கிறவர்கள் எங்கோ இருப்பார்களே, அவர்கள் பார்வையில் நான் எப்படி இருப்பேன்?

இருபத்திரண்டு வயதுகூட நிறையாத ஒருவர் இதை எழுதியிருக்கிறார். படித்தவள், படிக்காதவள், எஜமானி, வேலைக்காரி எல்லாமே அந்த ஒரு அடுப்புக்கு முன்னால் வந்துவிடுகிறது. ஓவியக் கண் எழுத்துக்குள் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதேசமயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் ஒரு சமரசம் இருக்கிறது. படித்த பெண் வீட்டு வேலையும் மற்றவர்களைவிட நன்றாகச் செய்வாள் என்று காட்டித்தான் ஊர் வாயை மூட வேண்டியிருக்கிறது. அந்தச் சமரசம் அவருக்கே பின்னால் உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஐந்து வருஷம் கழித்து எழுதிய கட்டுரையில் அது சுத்தமாகக் காணாமல் போயிருந்தது. அதற்கு வருகிறேன்.

கதையின் பிற்பகுதியில் அப்பா ஒரு பணக்கார வீட்டு வரன் கொண்டுவருகிறார். பெண் என்றால் கட்டிக்கொண்டு போய், பிள்ளை பெற்று, மாமனார் மாமியாருக்குச் செய்து, புருஷனை மதித்தால் போதும் என்கிறார். அதெல்லாம் பழைய காலத்துப் பேச்சு, இப்போது பெண்ணும் மனுஷிதான் என்கிறார்கள், மனுஷி என்றால் செய்ய முடியாதது எதுவும் இல்லை என்கிறாள் கியோங்-ஹி. சொல்லிவிட்டு ஜெயித்த மாதிரி நடந்து போகவில்லை. அறைக்குள் போய் அழுகிறாள், பயப்படுகிறாள். நான் என்ன பெரிய ஆள், மற்றவர்கள் போகிற சுகமான வழியில் போனால் என்ன என்று தன்னையே கேட்டுக்கொள்கிறாள். அந்த நடுக்கத்துக்குப் பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற வரிகள் வருகின்றன: கியோங்-ஹியும் ஒரு மனுஷி, அதற்கடுத்துத்தான் பெண். அப்படியென்றால் பெண் என்பதற்கு முன்னால் மனுஷி. கொரியச் சமூகத்தின் பெண் என்பதற்கு முன்னால் மனித குலத்தின் பெண். இந்த வரிகளை மேற்கோளாக மட்டும் பார்த்தால் முழக்கம் போலத் தெரியும். முன்னால் உள்ள அழுகையோடு சேர்த்துப் படித்தால்தான் அதன் எடை புரியும்.

1919 மார்ச்சில் ஜப்பானிய ஆட்சிக்கு எதிராக நாடு முழுக்கச் சுதந்திர எழுச்சி. அதில் பெண்களைத் திரட்டும் வேலையில் இருந்த இவர் கைதாகி ஐந்து மாதம்போலச் சிறையில் இருந்தார்.

1920 ஏப்ரலில் கல்யாணம். மாப்பிள்ளை கிம் ஊ-யோங், கியோட்டோ பல்கலைக்கழகத்தில் படித்த வக்கீல், பத்து வயது மூத்தவர், மனைவியை இழந்தவர், ஒரு பெண் குழந்தையின் தகப்பன். நா ஹே-சோக் நிபந்தனைகள் போட்டார்: வாழ்நாள் முழுக்க இப்போதுபோலவே என்னை நேசிக்க வேண்டும், நான் படம் வரைவதில் தலையிடக் கூடாது, மாமியாரும் முதல் தாரத்துப் பெண்ணும் இல்லாமல் நாம் தனியாக இருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனையை எளிதாக மெச்சிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. தாயில்லாத ஒரு குழந்தை அதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. இன்னொரு விஷயமும் உண்டு. டோக்கியோவில் அவர் காதலித்த கவிஞர் சோய் சுங்-கு காசநோயால் ஏற்கனவே இறந்திருந்தார். தேனிலவுப் பயணத்தில் கணவரையே கூட்டிக்கொண்டு போய், தெற்கே கோஹுங் பகுதியில் இருந்த அந்தக் கல்லறைக்கு நினைவுக்கல் வைத்தார். எழுத்தாளர் யோம் சாங்-சோப் இதை வைத்து 1923இல் 'சூரியகாந்தி' என்ற கதையே எழுதிவிட்டார். அன்றைய படித்த பெண்கள் எழுத்தாளர்களாக இருந்ததைவிட ஆண் எழுத்தாளர்களுக்குக் கதைப்பொருளாக இருந்ததுதான் அதிகம். அதே 1896இல் பிறந்த கிம் ம்யோங்-சுன், 1917இலேயே பத்திரிகைப் போட்டியில் தேர்வான கதை எழுதியவர், அவரை இழிவுபடுத்தும் விதமாகவே கிம் தோங்-இன் பின்னாளில் ஒரு கதை எழுதினார்.

அதே 1896இல் பிறந்த மூன்றாவது ஆள் கிம் இல்-யோப். இவர் 1920இல் 'சின்யோஜா', அதாவது 'புதிய பெண்', என்ற பத்திரிகை தொடங்கினார். அதில் நா ஹே-சோக் கேலிச்சித்திரங்கள் வரைந்தார். ஒன்றில் ஒரு பெண் வயலினைத் தூக்கிக்கொண்டு தெருவில் போகிறாள், ஆண்கள் நின்று வேடிக்கை பார்த்து ஆளுக்கொன்று பேசுகிறார்கள். இன்னொன்று கிம் இல்-யோப்பின் ஒரு நாள்: நள்ளிரவு வரை படிப்பு, அடுப்படியில் நிற்கும்போது தலைக்குள் கவிதை, தைக்கும்போது பத்திரிகை யோசனை. 1921இல் நா ஹே-சோக் சியோலில் தனி ஓவியக் கண்காட்சி நடத்தினார், அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. இப்சனின் 'பொம்மை வீடு' நாடகம் கொரிய மொழியில் பத்திரிகைத் தொடராக வந்தபோது, அதற்கென்று இவர் எழுதிய பாடலும் அந்த வசந்தத்தில் வெளியானது. அப்பாவுக்கு மகள் பொம்மை, கணவனுக்கு மனைவி பொம்மை, நோராவைப் போக விடுங்கள் என்று போகும் அந்தப் பாட்டு.

சரி, இப்போது அந்தக் கட்டுரை. 'தாயான அனுபவம்' என்று சொல்லலாம், 1923 ஜனவரியில் 'தோங்ம்யோங்' இதழில் வந்தது. என் கணக்கில் 'கியோங்-ஹி'க்குச் சமமான படைப்பு, சில இடங்களில் அதைத் தாண்டியும் போகிறது.

கர்ப்பம் என்று தெரிந்ததும் சந்தோஷப்படவில்லை என்று எழுதுகிறார். வரைய ஆரம்பித்த நேரத்தில், உலகத்தைக் கொஞ்சம் புரிய ஆரம்பித்த நேரத்தில் இது நடந்துவிட்டதே என்று கோபப்பட்டதை எழுதுகிறார். பிரசவ வலியைக் கவிதையாகவே நடுவில் வைக்கிறார். அப்புறம் தூக்கம். இந்தப் பகுதியைப் படித்த எந்தத் தாயும் மறக்க மாட்டாள். இரவில் குழந்தை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்ப, பகல் முழுக்கத் தலை கனத்து, தூக்கத்தைப் போல அருமையான ஒன்று இந்த உலகத்தில் இல்லை என்று ஒரு மனிதர் கெஞ்சுவதைப் போலப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். பிள்ளை என்பது தாயின் உடம்பிலிருந்து சதையைப் பிய்த்துக்கொண்டு போகும் பேய் என்ற வரி அங்கேதான் வருகிறது. கிடைக்கும் எல்லா அறிமுகங்களிலும் அந்த ஒரு வரியைத்தான் எடுத்துப் போடுகிறார்கள்.

ஆனால் அந்தக் கட்டுரையின் சாரம் அந்த வரி அல்ல. தாய்ப்பாசம் பிறவியிலேயே பெண்ணின் இதயத்தில் உட்கார்ந்திருக்கிறது என்கிறார்களே, எனக்கு அப்படி எதுவும் வரவில்லை, கையில் எடுத்து, பால் கொடுத்து, மாதக்கணக்கில் வளர்த்தபோதுதான் மெல்ல மெல்ல வந்தது என்கிறார். அதாவது பாசம் இல்லை என்று சொல்லவில்லை, அது வரும் வழி வேறு என்கிறார். வேலையும் காலமும் சேர்ந்து உண்டாக்குகிற பாசம். இதைக் கொரிய மொழியில் அச்சில் ஒரு தாயே சொன்னது அன்றைக்குச் சாதாரண விஷயம் இல்லை. அதே பத்திரிகையில் ஒரு ஆண் புனைபெயரில் மறுத்து எழுதினார், தாய்மை புனிதம், இந்தப் பெண் பொறுப்பற்றவள் என்ற தொனியில். இவர் விடவில்லை, மார்ச்சிலேயே பதில் எழுதினார். அந்த முதல் குழந்தைக்கு வைத்த பெயரில் கணவரின் குடும்பப் பெயர் கிம், இவருடைய நா இரண்டும் வரும், இருவரின் மகிழ்ச்சி என்று பொருள்படும். அந்தப் பெயரையும் கட்டுரையையும் சேர்த்து வைத்துப் பாருங்கள், பிள்ளையை வெறுத்தவர் என்ற பேச்சு நிற்காது.

இந்தக் கட்டுரை வெளிவந்தபோது குடும்பம் மஞ்சூரியாவின் ஆன்தோங் நகரில் இருந்தது, இன்றைய சீன நகரம் தான்தோங். கணவர் அங்கே ஜப்பானிய அரசின் துணைத் தூதர். சுதந்திரப் போராட்டத்துக்காகச் சிறை போனவர் ஆட்சியாளரின் அதிகாரிக்கு மனைவியாக வாழ்ந்ததை மறைக்க வேண்டியதில்லை. அங்கே இருந்துகொண்டே எல்லை தாண்டும் போராளிகளுக்கு உதவியதும் உண்மை, பெண்களுக்கு இரவுப் பள்ளி நடத்தியதும் உண்மை. காலனி நாட்டுப் படித்த குடும்பங்கள் பலவற்றில் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன.

1927 ஜூனில் மூன்று குழந்தைகளையும் மாமியாரிடம் விட்டுவிட்டு, கணவரோடு உலகப் பயணம். சைபீரிய ரயிலில் ஐரோப்பா, கடைசியில் அமெரிக்கா வழியாக 1929 மார்ச்சில் திரும்பினார்கள். பாரிஸில் பல மாதம் தங்கி ஓவியர் ரோஜே பிஸியேரிடம் கற்றார். இந்தப் பயணக் கட்டுரைகள் பின்னால் 'சம்சொல்லி' பத்திரிகையில் தொடராக வந்தன. அவற்றின் தொடர்ச்சியாக, லண்டனில் ஓட்டுரிமைப் போராட்டத்தில் இருந்த ஒரு பெண்மணியிடம் எடுத்த பேட்டி 1936இல் வெளியானது, எனக்குப் பிடித்த சின்னத் துண்டு அது. ஊர்வலத்தில் கட்டிக்கொண்ட பட்டையை அந்தம்மா காட்ட, இவர் அதைத் தனக்குத் தரும்படி கேட்கிறார், எதற்கு என்றால், கொரியாவில் பெண்ணுரிமை இயக்கத்துக்கு நானே முதல் ஆளாகலாம் இல்லையா என்கிறார்.

பாரிஸில்தான் சோய் ரின் வருகிறார். 1919 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 33 பேரில் ஒருவர், சொன்தோக்யோ மதத்தின் பெரிய தலைவர். கணவர் ஜெர்மனியில் இருந்தபோது இருவருக்கும் உறவு ஏற்பட்டது. ஊர் திரும்பிய பிறகு பணக் கஷ்டத்தில் இவர் சோய் ரினுக்கு எழுதிய கடிதம் பற்றிக் கணவருக்குத் தெரியவந்து, விவாகரத்துக்கு ஒத்துக்கொள், இல்லாவிட்டால் வழக்கு என்று மிரட்டல். அன்றைய சட்டப்படி கல்யாணத்துக்கு வெளியே உறவு வைத்தால் தண்டனை மனைவிக்கு மட்டும்தான், கணவனுக்குக் கிடையாது. 1930இல் விவாகரத்து முடிந்தது. இரண்டு வருஷம் இருவரும் மறுமணம் செய்யாமல் இருப்பது, நடத்தையைப் பார்த்துத் திரும்பச் சேரலாம் என்று ஒரு ஒப்பந்தம் எழுதினார்கள். கணவர் சீக்கிரமே வேறு பெண்ணோடு குடும்பம் நடத்த ஆரம்பித்தார். பயணம் முடிந்து பிறந்த குழந்தையையும் சேர்த்து நான்கு பிள்ளைகளையும் பார்க்க இவருக்கு வழியில்லாமல் போனது.

எல்லாரும் இங்கே முடிவுரை எழுதிவிடுகிறார்கள். ஆனால் 1931இல்தான் அவருடைய 'தோட்டம்' ஓவியம் கொரியாவின் அரசுக் கண்காட்சியில் சிறப்புப் பரிசு வாங்கி, ஜப்பானின் பேரரசுக் கண்காட்சிக்கும் தேர்வானது. 1933இல் சியோலில் பெண்களுக்கு ஓவியம் சொல்லித்தர ஒரு கூடம் திறந்தார். 1934 ஆகஸ்ட், செப்டம்பர் இதழ்களில் 'சம்சொல்லி'யில் வந்தது 'விவாகரத்து வாக்குமூலம்'.

முன்னாள் கணவரை அவருடைய புனைபெயரான 'சொங்கு' என்று அழைத்து எழுதிய நீண்ட கடிதம் அது. கல்யாணம் எப்படி நடந்தது, பதினோரு வருஷம் எப்படிப் போனது, மாமியார், நாத்தனார், வீட்டுக் கணக்கு, பாரிஸ், அந்த ஒப்பந்தத்தின் வாசகம் உட்பட எல்லாம் இருக்கிறது. கெஞ்சலும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது, சில இடங்களில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வாதமும் இருக்கிறது. ஐரோப்பியத் தம்பதிகளிடையே இப்படிப்பட்ட உறவுகள் வழக்கம்தான், அதனால் கணவர்மேல் அன்பு கூடவே செய்யும் என்று நம்பினேன் என்கிற பகுதி பலவீனமானது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் அடுத்து வருகிற இடத்தில் பிடி தளரவே இல்லை: கொரிய ஆண்களின் மனசு விசித்திரமானது, தங்களுக்குக் கற்பு என்ற எண்ணமே கிடையாது, மனைவியிடமும் பெண்களிடமும் மட்டும் கற்பைக் கேட்கிறார்கள், அதோடு அடுத்தவரின் கற்பையும் பறிக்கப் பார்க்கிறார்கள். இதை ரகசியக் கடிதமாக அவர் எழுதவில்லை, தன் பெயரைப் போட்டு, பிரபலப் பத்திரிகையில், இரண்டு இதழ்களில் எழுதினார். அதே செப்டம்பரில் சோய் ரின் மீது 12,000 வொன் இழப்பீடு கேட்டு வழக்கும் போட்டார். பத்திரிகைகள் பெரிதாக எழுதின, பிறகு ஒரு தொகை வாங்கிக்கொண்டு வழக்கு திரும்பப் பெறப்பட்டது.

1935இல் 'புது வாழ்க்கைக்குள் நுழையும்போது' என்ற கட்டுரை. கற்பு என்பது ஒழுக்கமும் இல்லை, சட்டமும் இல்லை, அது வெறும் விருப்பம், சோறு வேண்டும்போது சோறு, பலகாரம் வேண்டும்போது பலகாரம் என்பதைப் போல என்று அதில்தான் எழுதினார். ஊர் அதோடு அவரைக் கைகழுவியது என்றே சொல்லலாம். அந்த வருஷம் வைத்த கண்காட்சியைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அதே கட்டுரையில் பாரிஸுக்குப் போவோம், வாழ அல்ல, சாகப் போவோம் என்று ஒரு இடம். தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு, அம்மாவைக் குறைசொல்லாதீர்கள், சமூக அமைப்பையும் ஒழுக்கத்தையும் சட்டத்தையும் பழக்கவழக்கத்தையும் குறைசொல்லுங்கள், ஒருநாள் நீங்கள் பாரிஸ் வந்தால் என் கல்லறையைத் தேடி ஒரு பூ வையுங்கள் என்று எழுதியிருக்கிறார். சதையைப் பிய்க்கும் பேய் என்று எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது. மாதக்கணக்கில் வளர்த்து வந்த பாசம் எவ்வளவு ஆழமாகப் போயிருந்தது என்பதை இங்கே பார்க்கிறேன்.

பாரிஸ் போக முடியவில்லை. தோழி கிம் இல்-யோப் அதற்குள் பௌத்தத் துறவியாகி, யேசான் மலையில் சுதொக்சா கோயிலில் இருந்தார். நா ஹே-சோக்கும் துறவு கேட்டுப் போனார், குரு மான்கோங் ஒத்துக்கொள்ளவில்லை. கோயில் வாசலில் இருந்த சுதொக் விடுதியில் பல வருஷம் தங்கினார். அங்கே வந்து பழகிய இளம் ஓவியர்களில் யீ உங்-நோவும் ஒருவர், பின்னாளில் பாரிஸுக்கே போய்ப் பெயர் வாங்கியவர். உடம்பு நடுங்க ஆரம்பித்தது, கை வராமல் போனது, முதியோர் இல்லங்களில் அலைந்தார். 1948 டிசம்பர் 10 அன்று சியோலில் ஆதரவற்றோருக்கான நகராட்சி மருத்துவ விடுதியில் இறந்தார். அடுத்த மார்ச்சில் வந்த அரசிதழில், உரிமை கோர யாருமில்லாத சாவுகளில் ஒன்றாக அவர் பெயர் இருக்கிறது. கல்லறை எங்கே என்று தெரியாது.

பிறகு நெடுங்காலம், படித்த பெண் இப்படித்தான் போவாள் என்று பயமுறுத்தும் உதாரணமாகவே அவர் பெயர் இருந்தது. 1980களுக்குப் பிறகு பெண் ஆய்வாளர்கள் பழைய பத்திரிகைகளைத் தோண்டி எடுத்த பிறகுதான் நிலைமை மாறியது. 2000 பிப்ரவரியில் அரசாங்கமே அந்த மாதத்தின் பண்பாட்டு ஆளுமையாக அறிவித்தது, சுவொனில் அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. அவருடைய ஒரு மகன் கொரிய மத்திய வங்கியின் ஆளுநராக இருந்தவர். ஓவியங்களில் தப்பித்தவை சிலதான், அவற்றிலும் பலவற்றின் மேல் உண்மையானவைதானா என்ற சர்ச்சை உண்டு. எழுத்து மட்டும், பத்திரிகைகளில் அச்சானதால், ஓவியங்களைவிட நன்றாகத் தப்பித்திருக்கிறது. எழுத்தாளராக அவரைப் பார்க்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால், 'கியோங்-ஹி', அடுத்து தாய்மைக் கட்டுரை, கடைசியில் விவாகரத்து வாக்குமூலம், இந்த வரிசையிலேயே படியுங்கள். மூன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைக்கும். வாக்குமூலத்தில் ஆரம்பித்தால் மறுபடியும் வழக்கு, காதல், துரோகம் என்று அந்தப் பக்கமே போய்விடுவீர்கள். 'கியோங்-ஹி'யில் அந்த அடுப்படிக் காட்சி வரும்போது கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பசை கிண்டும் ஷிவோலையும் கவனியுங்கள்.